ரசீதில் நகராத நிமிடம்: பி.எச்.பி.யில் தேதியும் நேரமும் – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இணையதளங்களுக்கு நிரல் எழுதப் பயன்படும் பி.எச்.பி. மொழியில் தேதியையும் நேரத்தையும் காட்டுவது பற்றியவையாக இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஃபார்மட்டுக்குரிய, அதாவது தேதியும் நேரமும் எந்த வடிவில் வர வேண்டும் என்று சொல்லும் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தமிழில் எழுதி, அவை பெரியவையா சிறியவையா என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டிருக்கிறோம். அச்சில் சிறிய எல்லும் பெரிய ஐயும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பி.எச்.பி.யில் முதலாவது கிழமையின் முழுப்பெயரைத் தரும், இரண்டாவது கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கிறதா இல்லையா என்பதை 1 அல்லது 0 என்று சொல்லும்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருமண மண்டபத்துக்கு முன்பதிவு ரசீது அச்சிடும் சிறிய நிரல் ஒன்றை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் மாதம் போட்ட ரசீதுகளைக் கட்டாக எடுத்துப் பார்த்தபோது 18:04:37, 11:04:12, 09:04:55 என்று எல்லாவற்றிலும் நிமிடம் 04 ஆகவே இருந்தது. மே மாதம் பிறந்ததும் அது 05 ஆகிவிட்டது. மணியும் நொடியும் சரியாகவே இருக்கின்றன. சர்வரின் கடிகாரத்தில் கோளாறா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் அனுப்பியிருக்கும் வரியில், டேட் ஃபங்ஷனுக்குப் பெரிய எச், சிறிய எம், சிறிய எஸ் ஆகிய மூன்றையும் முக்காற்புள்ளிகளுக்கு இடையே எழுதியிருக்கிறீர்கள். பி.எச்.பி.யில் சிறிய எம் என்பது மாதத்தின் எண். நிமிடத்துக்கு உரிய எழுத்து சிறிய ஐ. பெரிய எம்மும் நிமிடம் அல்ல. அது மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தரும். இரண்டு எம்களையும் மாதமே எடுத்துக்கொண்டதால், நிமிடத்துக்கு மினிட் என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டாவது எழுத்து வந்திருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறக்காது. சிறிய எம் இருக்கும் இடத்தில் சிறிய ஐ போட்டுவிட்டால் ரசீது சரியாகிவிடும்.

இந்தப் பிழை பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மாத எண் 01 முதல் 12 வரைதான் போகும், அவை அத்தனையும் நிமிடமாகவும் செல்லுபடியாகும் எண்கள். ரசீது ஒன்றைத் தனியாகக் கையில் வாங்கிப் பார்க்கும் எவருக்கும் 18:04:37 என்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. நீங்கள் கட்டாக எடுத்துப் பார்த்ததால்தான் அகப்பட்டது. சோதனை செய்யும்போது அந்த நேரத்து மணியை வைத்துச் சோதிக்காமல், 2025 நவம்பர் 23, 17:48:59 போன்ற ஒரு தருணத்தை நீங்களே நிரலுக்குள் கொடுத்துச் சோதியுங்கள். அதில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகிய ஐந்தும் வெவ்வேறு எண்கள். மாதத்தைத் தவிர மற்றவை எல்லாம் 12-க்கு மேற்பட்டவை. ஆகவே ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் உடனே தெரிந்துவிடும். அடுத்ததாக 2025 மார்ச் 7, 09:05:03 என்பதையும் கொடுத்துப் பாருங்கள். ஓரிலக்க எண்களுக்கு முன்னால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் வருகிறதா என்பதை இது காட்டும். பூஜ்யத்தோடு நாள் வேண்டுமென்றால் சிறிய டி, பூஜ்யம் இல்லாமல் வேண்டுமென்றால் சிறிய ஜே.

பைத்தான் மொழியிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே எழுத்துக்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும். சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம். மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தின் டேட் ஃபார்மட் ஃபங்ஷனிலோ அதே சதவீதக் குறியுடன் சிறிய ஐ நிமிடம், பெரிய எம் மாதத்தின் முழுப்பெயர். இவற்றை மனப்பாடத்தை நம்பி எழுதாதீர்கள். மொழி மாறும்போதெல்லாம் அந்தந்த மொழியின் கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய ரசீதுகளின் உண்மையான நிமிடத்தை மீட்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதிவு செய்த தருணத்தைத் தரவுத்தளத்தில் டைம்ஸ்டாம்பாகவோ (தருணத்தைக் குறிக்கும் நொடி எண்), தேதி–நேர வகைப் புலமாகவோ சேமித்திருந்தால் மீட்கலாம். ரசீதை மறுபடி அச்சிட்டாலே போதும். அச்சிடுவதற்காக உருவாக்கிய எழுத்துத் தொடரையே தரவுத்தளத்திலும் சேமித்திருந்தால், அந்த நிமிடங்கள் போனவை போனவைதான். ஃபார்மட் என்பது மனிதர் கண்ணுக்காகக் கடைசி வரியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முந்தைய எல்லாக் கணக்கும், சேமிப்பும், ஒப்பீடும் தருணத்தை வைத்தே நடக்க வேண்டும். கீழே வரும் கேள்விகள் பலவற்றிலும் இதே விஷயம் வேறு வேறு உருவத்தில் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையத்தில் காலை 4:45 முதல் 6:30 வரை பால் ஊற்றுகிறார்கள். 5:30-க்கு முன்னால் ஊற்றுகிறவர்களின் கணக்கு முந்தின நாள் தேதியிலும், அதற்குப் பிறகு ஊற்றுகிறவர்களின் கணக்கு சரியான தேதியிலும் விழுகிறது. 1-ஆம் தேதி அதிகாலை ஊற்றிய பால் போன மாதக் கணக்கில் ஏறிவிடுவதால் பணப் பட்டுவாடாவில் சண்டை வருகிறது. நேரத்தோடு 19,800 நொடிகளைக் கூட்டிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா? (ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: நண்பர் சொல்லும் எண் சரி, வழி சரியல்ல. ஐந்தரை மணி நேரத்துக்கு 19,800 நொடிகள்தான். உங்கள் சர்வர் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் ஓடுகிறது, நேர மண்டலம் எதுவென்று நாம் சொல்லாவிட்டால் பி.எச்.பி.யும் யு.டி.சி.யையே எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் காலை 5:10 ஆகும்போது யு.டி.சி.யில் முந்தின நாள் இரவு 23:40. நம் 5:40 என்பது அங்கே அதே நாளின் 00:10. உங்கள் நிலையத்தின் பால் வரிசை சரியாக அந்த நள்ளிரவைக் கடந்துபோகிறது. பகலில் மட்டும் வேலை நடக்கும் கடை என்றால் மணி தவறாகத் தெரியுமே தவிர, தேதி மாறியிருக்காது.

நிரலின் தொடக்கத்தில் டேட் டீஃபால்ட் டைம்சோன் செட் என்ற ஃபங்ஷனை அழைத்து, ஏசியா சாய்வுக்கோடு கொல்கத்தா என்ற மண்டலப் பெயரைக் கொடுங்கள். இந்தியா முழுமைக்கும் அந்த ஒரே பெயர்தான். பழைய எழுத்துக்கூட்டலான கல்கத்தாவும் இன்னும் செல்லும். சென்னைக்குத் தனிப் பெயர் இல்லை. (1906 ஜனவரி 1 அன்று இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் நேரப்படிதான் ஓடின. இன்றைய நேரத்தைவிட அது ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது.)

டைம்ஸ்டாம்ப் என்பது 1970 ஜனவரி 1, யு.டி.சி. நள்ளிரவிலிருந்து எண்ணி வரும் நொடிகள். ஈரோட்டில் பார்த்தாலும் டோக்கியோவில் பார்த்தாலும் அது ஒரே எண். அதோடு 19,800-ஐக் கூட்டினால், இப்போதைய தருணத்தைக் குறித்த எண் ஐந்தரை மணி நேரம் கழித்து வரப்போகும் வேறொரு தருணத்தைக் குறிக்கும் எண்ணாகிவிடுகிறது. இன்று கண்ணுக்குச் சரியாகத் தெரியும். நாளை யாராவது இந்திய நேரம் வைத்த சர்வருக்கு நிரலை மாற்றினால், ஐந்தரை மணி இரண்டாம் முறையும் கூடி, மாலை 6:30-க்குப் பிறகு வருவதெல்லாம் மறுநாள் கணக்கில் போய் விழும். மாலையிலும் பால் எடுக்கும் நிலையத்துக்கு இது இப்போதைய சண்டையைவிடப் பெரிய சண்டையாகும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பால் ஊற்றிய நேரத்தைப் பி.எச்.பி. பதிவு செய்கிறதா, தரவுத்தளத்தின் நவ் ஃபங்ஷன் பதிவு செய்கிறதா? பி.எச்.பி.யில் வைக்கும் மண்டலம் தரவுத்தளத்தைக் கட்டுப்படுத்தாது. அதற்குத் தன் இணைப்புக்கென்று தனி மண்டல அமைப்பு உண்டு. பாதிப் பதிவுகளை ஒன்றும் மீதியை மற்றொன்றும் எழுதியிருந்தால், பழைய கணக்கைத் திருத்தும் முன் எவை எவை என்று பிரித்துவிட வேண்டும். கணக்கை நம்பி மாடு வளர்க்கிறவர்களின் பணம் இது என்பதால், திருத்தியதும் ஒரு வாரக் கணக்கையாவது கையால் எழுதிய கணக்கேட்டோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: மண்டலப் பட்டியலில் ஏசியா கொழும்பு, ஏசியா கொல்கத்தா என்று இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஐந்தரை மணி நேரம்தானே? இலங்கைத் தரவுகளுக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதானா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: இன்றைய நேரத்துக்கு ஒன்றுதான், கடந்த காலத்துக்கு அல்ல. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்நகர்த்தி ஆறரை மணி நேர வேறுபாட்டுக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்து ஆறு மணி நேரமாக்கியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. ஏசியா கொழும்பு என்ற பெயருக்குள் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2001-இல் கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் இரவு 12:10-க்குப் பிறந்த குழந்தையின் பிறப்புத் தருணம் டைம்ஸ்டாம்பாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு மண்டலத்தில் ஃபார்மட் செய்தால் 12:10 என்றே வரும். கொல்கத்தா மண்டலத்தில் செய்தால் முந்தின நாள் இரவு 11:40 என்று வந்து, பிறந்த தேதியே மாறிவிடும். ஆகவே இலங்கைத் தரவுக்குக் கொழும்பையே போடுங்கள். ஐந்தரை மணி என்று எண்ணாகக் கொடுப்பதும் இதே தவற்றில்தான் கொண்டுபோய் விடும். ஐ.எஸ்.டி. என்ற சுருக்கத்தையும் நம்ப வேண்டாம். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் நேரத்துக்கும் அந்த மூன்று எழுத்துகள்தான் வழங்குகின்றன.

கேள்வி: லண்டனில் சனிக்கிழமைதோறும் இணையவழித் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். ஆசிரியை மதுரையில் இருக்கிறார். தருணத்தை யு.டி.சி.யில் சேமிக்க வேண்டும் என்று படித்திருந்ததால், ஜூன் மாதத்தில் ஆண்டு முழுவதற்குமான வகுப்புகளைக் காலை 10 மணிக்கு என்று யு.டி.சி.க்கு மாற்றிச் சேமித்தோம். நவம்பர் மாத வகுப்புகள் எல்லாம் லண்டனில் காலை 9 மணி என்று காட்டுகின்றன. எங்கே தவறினோம்? (லண்டன் வாசகி)

பதில்: நீங்கள் படித்தது நடந்து முடிந்தவற்றுக்குப் பொருந்தும் விதி. பால் ஊற்றியது, பணம் கட்டியது, ரசீது போட்டது எல்லாம் நடந்துவிட்ட தருணங்கள். அவை இனி நகரா. ஆனால் 'சனிக்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பு' என்பது தருணம் அல்ல. லண்டன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிப் பெற்றோரோடு செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்ப வைக்கிறார்கள். 2025-இல் அவை மார்ச் 30-உம் அக்டோபர் 26-உம். கோடையில் லண்டன் 10 மணி என்பது யு.டி.சி.யில் 9 மணி. அந்த 9 மணியை ஆண்டு முழுவதற்கும் நிலையாக்கிவிட்டதால், குளிர்காலத்தில் அது லண்டனிலும் 9 மணியாகவே நிற்கிறது.

எனவே வகுப்புப் பட்டியலில் மூன்று செய்திகளைத் தனித்தனியாகச் சேமியுங்கள்: தேதி, சுவர்க் கடிகார நேரம் 10:00, யூரோப் சாய்வுக்கோடு லண்டன் என்ற மண்டலப் பெயர். பக்கத்தைக் காட்டும் வேளையில் இந்த மூன்றையும் கொண்டு டேட் டைம் இம்யூட்டபிள் என்ற வகையில் ஒரு பொருளை உருவாக்கி, ஆசிரியைக்காக அதன் மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றி ஃபார்மட் செய்யுங்கள். கோடையில் மதுரையில் பிற்பகல் 2:30 என்றும், குளிர்காலத்தில் 3:30 என்றும் வரும். ஆசிரியைக்குத்தான் நேரம் மாறுகிறது என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. இந்தியாவில் கடிகாரத்தை நகர்த்தும் வழக்கம் இல்லாததால் அவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இம்யூட்டபிள் என்ற வகையை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், பழைய டேட் டைம் வகையில் மண்டலத்தை மாற்றினால் அந்தப் பொருளே மாறிவிடும். முதலில் மதுரை நேரத்தைக் காட்டிவிட்டு, அதே பொருளைக் கொண்டு அடுத்த வரியில் லண்டன் நேரத்தைக் காட்டினால் இரண்டும் மதுரை நேரமாகவே வந்து நிற்கும். 2013-இல் வெளிவந்த 5.5 பதிப்பு முதல் கிடைக்கும் இம்யூட்டபிள் வகையில் மூலப்பொருள் அப்படியே இருக்க, மாற்றப்பட்டது புதிய பொருளாகக் கையில் வரும். புதிதாக எழுதும் நிரல்களில் பழைய வகையைப் பயன்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கேள்வி: பள்ளி மாணவர்களின் பிறந்த தேதிகளை ஒரு பட்டியலிலிருந்து ஏற்றினோம். பலருக்குப் பிறந்த நாள் 01-01-1970 என்று வருகிறது. வேறு சிலருக்கு நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. (தஞ்சாவூர் ஆசிரியர்)

பதில்: இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். பட்டியலில் தேதிகள் 03/04/2014 என்று சாய்வுக்கோட்டோடு இருக்கின்றன. நீங்கள் அவற்றைப் படிக்க ஸ்ட்ர்டுடைம் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். சாய்வுக்கோடு இருந்தால் அந்த ஃபங்ஷன் அமெரிக்க வழக்கப்படி முதலில் மாதம் என்று கொள்ளும். அதனால் ஏப்ரல் 3-இல் பிறந்த பிள்ளைக்கு மார்ச் 4 ஆகிவிட்டது. நாள் 12-ஐத் தாண்டும் 25/04/2014 போன்றவற்றில் இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் ஃபங்ஷன் தோல்வி என்று ஃபால்ஸ் மதிப்பைத் தருகிறது. அதைக் கவனிக்காமல் டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் ஃபால்ஸ் பூஜ்யமாகி, பூஜ்யமாவது நொடியான 1970 ஜனவரி 1 வந்து நிற்கிறது. எந்தப் பட்டியலிலாவது அந்தத் தேதியைக் கூட்டமாகக் கண்டால், தேதியைப் படிக்கும் வரியில் தோல்வி நடந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். இந்திய மண்டலம் வைத்திருந்தால் அதோடு காலை 5:30 என்ற நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சாய்வுக்கோட்டை எடுத்துவிட்டு இடைக்கோடு போட்டால் 03-04-2014 என்பது ஏப்ரல் 3 என்று சரியாகவே படிக்கப்படும். ஆனால் அதையும் நம்பிவிடக் கூடாது. ஆண்டை ஈரிலக்கமாக 03-04-14 என்று எழுதியிருந்தால் முதலில் ஆண்டு என்று கொண்டு 2003 ஏப்ரல் 14 ஆக்கிவிடும். அலுவலகப் பதிவேடுகளில் ஈரிலக்க ஆண்டு எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஊகிக்கும் வேலையைக் கணினியிடம் விடாமல், வடிவத்தை நாமே சொல்லிப் படிக்க வைப்பதுதான் வழி. கிரியேட் ஃப்ரம் ஃபார்மட் என்ற மெத்தடுக்கு ஆச்சரியக்குறி, சிறிய டி, சாய்வுக்கோடு, சிறிய எம், சாய்வுக்கோடு, பெரிய ஒய் என்று ஃபார்மட் கொடுங்கள். முதலில் வரும் ஆச்சரியக்குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிறந்த தேதியோடு, நிரல் ஓடிய நேரத்து மணியும் நிமிடமும் சேர்ந்துகொள்ளும். பிறகு இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது ஒரே நாள் ஒன்றுக்கொன்று சமமில்லை என்று வரும்.

இவ்வளவு செய்த பிறகும் 31/02/2014 என்று யாராவது தவறாக எழுதியிருந்தால் அது மார்ச் 3 என்று ஏற்கப்பட்டுவிடும். இதைப் பிடிக்க எளிய வழி, படித்த தேதியை அதே ஃபார்மட்டில் திரும்ப எழுத்தாக்கி, மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. 31/02/2014 என்று போனது 03/03/2014 என்று திரும்பினால் அந்த வரியைத் தனியே எடுத்துவைத்து, பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திருத்துங்கள். மாற்றுச் சான்றிதழில் தவறான பிறந்த தேதி ஏறிவிட்டால் அந்தப் பிள்ளை எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால் இந்தக் கூடுதல் வரி பெரிதல்ல.

கேள்வி: வாரக்கூலி அறிக்கையின் தலைப்பில் ஆண்டையும் வார எண்ணையும் போடுகிறோம். 2025 டிசம்பர் 29 அன்று '2025 வாரம் 01' என்று வந்துவிட்டது. (திருப்பூர் வாசகர்)

பதில்: பெரிய டபிள்யூ தரும் வார எண், தேதி நேரத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601-இன்படியானது. அதில் வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை என்பதால், டிசம்பர் 29 திங்களே 2026-இன் முதல் வாரத்துக்குள் வந்துவிட்டது. வார எண்ணோடு பெரிய ஒய் போடாமல் சிறிய ஓ போடுங்கள். அது அந்த வாரத்துக்கு உரிய ஆண்டைத் தரும். மற்ற இடங்களில் சிறிய ஓவைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பதினைந்து ஆண்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியை மை எஸ்.க்யூ.எல். ஏற்க மறுக்கிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்தப் புலத்தை டைம்ஸ்டாம்ப் வகையாக வைத்திருக்கிறீர்கள். அந்த வகையின் எல்லை 2038 ஜனவரி 19, யு.டி.சி. 03:14:07, நம் கடிகாரத்தில் காலை 8:44:07. 32 பிட்டுகளில் குறிக்கு ஒன்று போக மிஞ்சும் 31 பிட்டுகளில் அடங்கும் மிகப்பெரிய எண்ணான 2,147,483,647 அங்கே முடிகிறது. தவணைத் தேதிக்கு மணி நிமிடம் தேவையில்லை என்பதால் புலத்தை டேட் வகைக்கு மாற்றுங்கள். 64 பிட் சர்வரில் பி.எச்.பி.யின் பக்கம் சிக்கல் இல்லை.

கேள்வி: எங்கள் சிற்றிதழின் தளத்தில் தேதியைத் தமிழில் காட்ட விரும்புகிறோம். செட்லோக்கேல் போட்டும் டேட் ஃபங்ஷன் ஆங்கிலத்திலேயே மாதப் பெயர் தருகிறது. ஏ.எம்., பி.எம். என்பதற்குப் பதிலாகக் காலை, மாலை என்று வர வேண்டும். முடிந்தால் சித்திரை, வைகாசி என்றும் வர வேண்டும். (சென்னை வாசகர்)

பதில்: டேட் ஃபங்ஷன் எந்த அமைப்பிலும் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் பேசாது. முன்பு ஸ்ட்ர்ஃப்டைம் என்ற ஃபங்ஷன் மொழி அமைப்பைப் பார்த்து நடந்தது, 8.1 பதிப்பு முதல் அது கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் புதிய நிரல்களில் வேண்டாம். இப்போது அதற்குரியது இன்ட்ல் நீட்சியில் இருக்கும் இன்ட்ல் டேட் ஃபார்மட்டர். அதற்குத் தமிழ், இந்தியா என்ற லோக்கேலை (மொழி, நாடு அமைப்பு) கொடுத்தால் கிழமையும் மாதமும் தமிழில் வரும். ஆனால் அதன் ஃபார்மட் எழுத்துகள் வேறு: அங்கே சிறிய எம் நிமிடம், பெரிய எம் மாதம். ஆண்டுக்குச் சிறிய ஒய்தான் போட வேண்டும். பெரிய ஒய் போட்டால், திருப்பூர் வாசகர் சந்தித்த வார ஆண்டு வந்து டிசம்பர் கடைசி நாட்களில் அடுத்த ஆண்டைக் காட்டிவிடும். ஆண்டில் முன்னூற்றைம்பது நாள் சரியாக இருந்து, யாரும் பார்க்காத விடுமுறை வாரத்தில் மட்டும் வெளிப்படும் தவறு இது.

உங்கள் தேவை மாதப் பெயர் மட்டும் என்றால், பன்னிரண்டு பெயர்களை ஓர் அரேயில் எழுதி, சிறிய என் தரும் மாத எண்ணைக் கொண்டு எடுத்துக்கொள்வதே எளிது. இதில் உங்கள் இதழின் எழுத்துநடையைக் காப்பாற்றலாம் என்பது எனக்குப் பிடித்த நன்மை. தமிழ்நாட்டில் அக்டோபர் என்பதை இலங்கையில் ஒக்டோபர் என்றும், இங்கே பிப்ரவரி என்பதை அங்கே பெப்ரவரி என்றும் எழுதுகிறார்கள். உங்கள் வாசகர்கள் எங்கே அதிகமோ அந்த வழக்கை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். 'ஆம் தேதி' போன்ற தமிழ்ச் சொற்களை ஃபார்மட்டுக்குள்ளேயே எழுதலாம். தமிழ் எழுத்துகளை டேட் ஃபங்ஷன் தொடாமல் அப்படியே விட்டுவிடும். ஆங்கிலச் சொல்லை எழுதினால்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு போட்டுத் தடுக்க வேண்டும்.

காலை, மாலை விஷயத்தில் ஏ.எம்., பி.எம். இரண்டையும் நேரடியாக இரண்டு தமிழ்ச் சொற்களாக மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இரவு 10 மணி மாலை 10 என்றும், பின்னிரவு 1 மணி காலை 1 என்றும் வரும். தமிழில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. பெரிய ஜி தரும் 0 முதல் 23 வரையிலான மணியை எடுத்துக்கொண்டு, 4 முதல் 5 வரை அதிகாலை, 6 முதல் 11 வரை காலை, 12 முதல் 15 வரை பிற்பகல், 16 முதல் 18 வரை மாலை, மீதி எல்லாம் இரவு என்று ஒரு மேட்ச் அமைப்பில் பிரித்து, அதன் பின் சிறிய ஜி தரும் 12 மணிக் கணக்கை ஒட்டுங்கள். எல்லைகளை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசிக்கு பி.எச்.பி.யில் வழி இல்லை. இன்ட்ல் நீட்சியில் இந்திய நாட்காட்டி என்று ஒன்று இருக்கிறது. அது 1957 மார்ச் 22 முதல் அரசு ஏற்ற சக நாட்காட்டி. அதன் முதல் மாதம் மார்ச் 22-இலும், லீப் ஆண்டில் மார்ச் 21-இலும் தொடங்கும். அதன் மாதப் பெயர்களை மாற்றித் தமிழ் மாதமாகக் காட்டினால் ஏறத்தாழ மூன்று வாரம் பிசகும். தமிழ் மாதப் பிறப்பு சூரியன் ராசி மாறும் வேளையைப் பொறுத்தது என்பதால் மாதங்களின் நாட்கள் 29 முதல் 32 வரை வேறுபடும். ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பன்னிரண்டு மாதங்களும் பிறக்கும் ஆங்கிலத் தேதிகளை ஒரு சிறு அட்டவணையாகத் தரவுத்தளத்தில் ஏற்றிவிடுங்கள். காட்ட வேண்டிய தேதியிலோ அதற்கு முன்னாலோ கடைசியாகப் பிறந்த மாதம் எது என்று அதில் தேடி, இடைப்பட்ட நாட்களோடு ஒன்றைக் கூட்டினால் தமிழ்த் தேதி கிடைக்கும். பன்னிரண்டு வரிகளை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுவது பத்து நிமிட வேலை; அடுத்த ஆண்டு அட்டவணையைப் பங்குனி முடிவதற்குள் ஏற்றிவிடுங்கள்.